ஆறு போத்தல் பவளம்

1

நாங்கள் மொன்றியலில் வந்து இறங்கிய நாளை வருடாவருடம் கொண்டாட வேண்டும் என்பது என் மனைவி ரிஹானாவின் சட்டம். அந்த நாள் பெப்ரவரியில் வருகிறது. விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு திறந்து குளிர் முகத்தில் அறைந்தபோது, "இதென்ன, ஆக்கள வைக்கிற பிறிட்ஜா?" என்று அவள் என்னைக் கேட்டாள். ஏதோ நான்தான் அந்தக் குளிரைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்ததுபோல இருந்தது அந்தக் கேள்வி. அதன் நினைவாக ஒரு புரியாணி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த ஒரு வட்டிலப்பம், பக்கத்து இரண்டு வீட்டுக்காரர். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

இது இருபத்தோராவது வருடம். இந்த முறை அந்த நாளோடு ஒரு சோடாப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. கிண்ணியாவிலும் திருகோணமலையிலும் இருக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கதை ஏற்கெனவே வட்ஸ்அப்பில் கை கால் முளைத்து வந்து சேர்ந்திருக்கும். நான் ரோட்டில் கிடந்ததை நக்கினேன் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். நக்கவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

2

பவளம் என்பது கிண்ணியாவில் செய்த ஒரு சோடா. ஊருக்குப் பாலம் வந்த பிறகு பிறந்தவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. இளஞ்சிவப்பு நிறம், அன்னாசிக்குக் கிட்டவான வாசம், தொண்டையில் இறங்கும்போது கொஞ்சம் இஞ்சி. லேபிளில் ஒரு பவளக் கொடி. அதைக் கீறியவர் கடலுக்குள் எட்டிப் பார்த்ததே இல்லைபோலும், பார்க்க மான்கொம்பு மாதிரி இருக்கும். நாங்கள் "ஒரு மான்கொம்பு தாங்க" என்றுதான் கேட்போம்.

அதைச் செய்தவரை ஊரில் சோடா ஹாஜியார் என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, கையால் இயக்கும் ஒரு மெஷின், மூடி அடிக்கும் ஒரு கருவி. விற்பனை முழுவதும் துறையடியில். அந்தக் காலத்தில் கிண்ணியாவிலிருந்து திருமலைக்குப் போக வேண்டுமென்றால் 'பாதை' ஏற வேண்டும். சனங்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு, கடல் தண்ணீர் ஏறும் களப்பைக் கடக்கும் தட்டையான மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அது இந்தக் கரையில் நிற்க வேண்டிய நேரத்தில் எப்போதும் அந்தக் கரையில்தான் நிற்கும். வெயிலில் காத்து நிற்கும் ஆள் என்ன செய்வான்? சோடா குடிப்பான்.

நான் அக்கரையில், திருமலை ரவுனில், நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். போகும்போது பஸ் காசு, வரும்போது பஸ் காசு, அதில் மிச்சம் பிடித்து வியாழக்கிழமைகளில் ஒரு பவளம். போத்தலை வாயில் வைத்து அண்ணாந்து குடிக்க வேண்டும். ஸ்ட்ரோ என்ற சாமானைக் கல்யாண வீட்டில்தான் கண்டிருக்கிறோம்.

பிறகு பாலம் வந்தது. எல்லோரும் சந்தோசப்பட்டோம், நானும்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் பாதைக்குக் காத்து நின்ற நாட்களைக் கண்டவன் நான். ஆனால் காத்து நிற்பவர் இல்லாத இடத்தில் சோடாவுக்கு என்ன வேலை? ஹாஜியார் ஒரு வருடம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார். சில காலத்தில் அவரும் மௌத்தானார். மகள் பரீனா அந்த அறையைத் தையல் கடையாக்கினாள். மெஷினுக்கு மேல் பலகையைப் போட்டு, அதன்மேல் துணி விரித்து, அயன் பண்ணும் மேசையாகப் பாவித்தாள்.

3

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே போக முடியாத பனிப்புயலில், பவளத்தின் வெறும் போத்தல் படமொன்று எங்கிருந்தோ என் போனுக்கு வந்தது. அதை ஊர்க் குழுவில் போட்டேன். அன்று மாலைக்குள் லண்டன், டோஹா, சிட்னி, கந்தளாய் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்து புலம்பத் தொடங்கிவிட்டார்கள். உடனே 'பவளம் வேண்டும்' என்று தனிக் குழு ஒன்று ஆரம்பித்தேன். சும்மா இருந்த சங்கை ஊதியவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பரீனாவின் தையல் கடைக்கு ஒரு பேஸ்புக் பக்கம் இருந்தது. அவள் ஒரு பிளவுஸ் படம் போடுவாள். கீழே நாங்கள் நாற்பது பேர் "பவளம் எப்ப?" என்று எழுதுவோம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எழுத வேண்டும் என்பது குழுவின் விதி. நல்ல கல்யாணப் பிளவுஸ் ஒன்றின் விலை கேட்க வந்த பெண் ஒருத்தி, "இந்தக் கடையில துணிக்குப் பதிலா சோடாவா குடுக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகுதான் பரீனா, நானா என்று என்னை அண்ணன் முறை வைத்து, முதல்முறையாகக் குரல் செய்தி அனுப்பினாள்.

"நிசாம் நானா, நான் ஒருக்காச் செய்து தந்தா, என்ட பிளவுஸ விட்டுருவீங்களா?"

விட்டுவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் தன் நிபந்தனையையும் சொன்னாள். வாப்பாவின் கொப்பியில் எழுதியிருக்கிறபடி ஒரே ஒரு முறை செய்வாள். குடித்துப் பார்த்தவர்கள் 'இதுதான் அது' என்று சொன்னால் தொடர்வாள். இல்லையென்றால் மெஷினைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னும் இரண்டு தையல் மெஷின் போடுவாள். இரும்புக்காரன் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டும் போயிருந்தான்.

"என்ன பயம் தங்கச்சி? வாப்பாட கொப்பி கையில இருக்கு. கண்ண மூடிக்கொண்டு செய்யுங்க" என்றேன். மொன்றியலில் கதிரையில் சாய்ந்திருந்து சொல்வதற்கு அது லேசான வசனம்.

4

ஊரில் இருந்தவர்களுக்குக் கடையிலேயே கொடுப்பது, லண்டனில் சிவநேசன் சேருக்கு ஒரு பெட்டி, எனக்கு ஒரு பெட்டி என்று ஏற்பாடு. சிவநேசன் சேர் திருமலை ரவுன்காரர். கிண்ணியாவில் பதினொரு வருடம் படிப்பித்தவர். நான் அந்தக் கரைக்குப் போன பாதையில் அவர் இந்தக் கரைக்கு வந்தவர். குழுவில் அவர் வாயால் 'சரி' என்று வந்தால்தான் மற்றவர்கள் சரி என்பார்கள்.

என் பெட்டிக்குள் ஆறு போத்தல். அது நேராக வீட்டுக்கு வரவில்லை, சுங்கத்திலிருந்து ஒரு கடிதம்தான் வந்தது. நான் மதுபானம் இறக்குமதி செய்திருக்கிறேனாம், வந்து விளக்கம் சொல்லட்டாம்.

காரணம் நான்தான். நான் வேலை செய்யும் பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் இந்த ஊர்க்காரர் சோடாவை 'லிக்கர்' என்றுதான் சொல்வார்கள். கியூபெக் பிரெஞ்சில் அப்படி. படிவத்தில் என்ன எழுதுவது என்று பரீனா கேட்டபோது, எனக்குத் தெரிந்த பிரெஞ்சைக் காட்டும் ஆசையில் அந்தச் சொல்லையே அனுப்பிவைத்தேன். ஐந்து நேரமும் தொழுகிற அந்தப் பிள்ளை, அழகான கையெழுத்தில், 'லிக்கர், ஆறு போத்தல்' என்று எழுதிக் கையொப்பமும் வைத்திருந்தாள்.

சுங்கக் கந்தோரில் இருந்த மனிதர் என் பெயரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் இரண்டு கையையும் பாவித்து விளக்கினேன். கடைசியில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் தகப்பனும் சோடாவை அப்படித்தான் சொல்வாராம், இப்போது அப்படிச் சொல்பவர் குறைவாம். "நல்ல பழைய பிரெஞ்சு கதைக்கிறீர்கள்" என்று பெட்டியைத் தந்தார். இருபத்தொரு வருடத்தில் என் பிரெஞ்சுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

5

வீட்டுக்கு வந்து முதலாவது போத்தலைப் பிறிட்ஜில் வைத்து, இரண்டு மணித்தியாலம் பொறுத்து, திறந்தேன். அதே நிறம். அதே வாசம். மான்கொம்புகூட அப்படியே இருந்தது. ஒரு வாய் குடித்தேன்.

அது இல்லை.

நல்ல சோடாதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பவளத்தை விழுங்கிய பிறகு நாக்கின் நுனியில் ஒன்று நிற்குமே, உடனே அடுத்த வாய் கேட்குமே, அது இதில் இல்லை. கூடக் குளிர்ந்துவிட்டதோ என்று மறுநாள் இன்னொன்றைக் குளிர் குறைத்துக் குடித்தேன். அதுவும் இல்லை.

"எப்படி?" என்று குழுவில் கேட்டார்கள். நான் குழுத் தலைவன் அல்லவா? "மாஷா அல்லாஹ், அருமை" என்று எழுதினேன். பொய். அதற்கு ஒருவர்கூடப் பதில் போடவில்லை. ஊரில் குடித்தவர்கள் எல்லோரும் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அடுத்த நாள் சிவநேசன் சேர் எழுதினார்: "நல்ல பானம். ஆனால் பவளம் இல்லை." பிறகு மடை திறந்தது. சீனியை மாற்றிவிட்டாள் என்றார் ஒருவர். காஸ் காணாது என்றார் இன்னொருவர். தண்ணீர்தான் பிழை என்று டோஹாவிலிருந்து ஒருவர் அடித்துச் சொன்னார்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் புறப்பட முன் பரீனா அழைத்தாள். கிண்ணியாவில் அப்போது மாலை, பின்னால் பாங்கு கேட்டது.

"நானா, உண்மையச் சொல்லுங்க. நீங்க எழுதினது பொய்தானே?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நான் ஒரு சொட்டும் மாத்தல்ல நானா. கொப்பியில இருக்கிற மாதிரியே அளந்து அளந்து செய்தனான். சின்னனில வீட்ட குடிச்சது இதேதான், எனக்குத் தெரியும். அப்ப என்ன, வாப்பா கொப்பியில பிழையா எழுதி வச்சிருக்காரா? இல்லாட்டி ஊருக்கு ஒண்டும் எங்களுக்கு ஒண்டும் செய்தவரா?"

சோடா வராவிட்டால் எனக்கு ஒரு சோடாதான் நட்டம். அவளுக்கு வாப்பாவின் கையெழுத்தே சந்தேகமாகிவிட்டது. இரண்டு வருடம் விடாமல் தொல்லை கொடுத்து, அவள் பத்திரமாக மூடி வைத்திருந்ததைத் திறக்க வைத்து, இப்போது பிழை என்று சொல்கிறோம். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"திங்கக்கிழமை இரும்புக்காரன வரச் சொல்லிட்டன்" என்றாள்.

"ஞாயிறு மட்டும் பொறுங்க தங்கச்சி" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்ன மாறிவிடும் என்று எனக்கும் தெரியாது.

6

சனிக்கிழமை நாங்கள் வந்திறங்கிய நாள். பிறிட்ஜில் வட்டிலப்பத்துக்கு இடம் இல்லை. ரிஹானா என்னைக் கேட்காமலே மிச்சம் நாலு போத்தலையும் எடுத்துக்கொண்டுபோய் வெளியே வாசல் படியோரம் பனிக்குள் சாய்த்து வைத்துவிட்டாள். இங்கே அது எல்லோரும் செய்வதுதான். பெப்ரவரியில் மொன்றியல் வாசல்படியைவிடப் பெரிய பிறிட்ஜ் எந்தக் கடையிலும் கிடைக்காது.

படிக்கு உப்புத் தூவுவது எங்கள் மகள் அமீனாவின் வேலை. பனி உறைந்து வழுக்காமல் இருக்க, பெரிய பெரிய கல்லாக ஓர் உப்பு வாளியில் விற்பார்கள். அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பவளத்தை அவள் தொட்டும் பார்க்கவில்லை, "பிங்க் சீனித் தண்ணி" என்று பிரெஞ்சில் சொல்லி ஒதுக்கிவிட்டாள். உப்பு விசயத்தில் மட்டும் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். தூவி முடித்துவிட்டுக் கம்பளிக் கையுறையை நக்குவாள். ரிஹானா கத்தாத பனிக்காலம் இல்லை.

விருந்தாளிகள் வருமுன் போத்தல்களை உள்ளே எடுக்கப் போனேன். உப்பில் கரைந்த பனித்தண்ணீருக்குள் வாய்ப்பக்கம் புதைந்து கிடந்தன. ஒன்றை எடுத்து, அங்கேயே, படியில் நின்றபடி, சும்மா ஒரு விரக்தியில் மூடியைத் திறந்து அண்ணாந்தேன்.

நாக்கின் நுனியில் அது நின்றது.

அடுத்த வாயில் கொஞ்சம் குறைந்தது, அதற்கடுத்த வாயில் காணவில்லை. போத்தலின் வாயை உதட்டால் தடவிப் பார்த்தேன். உப்பு.

அப்போதுதான் எனக்குத் துறையடி தெரிந்தது. அங்கே கரண்ட் இல்லை. ஐஸ் வந்தால் அது மீனுக்கு, சோடாவுக்கு யார் கொடுப்பார்? கடைக்காரர் போத்தல்களை மரப்பெட்டியோடு கயிறு கட்டிக் களப்புத் தண்ணீருக்குள் இறக்கி வைப்பார். கேட்கும்போது கயிற்றை இழுத்து, ஈரத்தோடு எடுத்து, துடைக்காமல் திறந்து தருவார். எத்தனை வியாழக்கிழமை அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்! ஊரே வருடக் கணக்காகக் கடல் உப்பைக் குடித்துவிட்டு, அது ஹாஜியாரின் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. துறையடியில் நின்று ஒருநாளும் குடிக்காத ஒரே ஆள் பரீனா. அவள் வீட்டுக்குச் சோடா மெஷினடியிலிருந்து நேரே அல்லவா போகும்.

இரண்டாவது போத்தலைக் குசினிக் குழாயில் நன்றாகக் கழுவித் திறந்தேன். வெறும் நல்ல சோடா. மூன்றாவதைக் கழுவாமல் திறந்தேன். பவளம்! நான் போட்ட சத்தத்தில் ரிஹானா அகப்பையோடு ஓடி வந்தாள். விசயம் விளங்கியதும், "ரோட்டுக்குப் போடுற உப்பையா குடிச்சீங்க?" என்று தலையில் கையை வைத்தாள். அமீனா என் கையிலிருந்து போத்தலைப் பறித்து ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. வாயோரத்தை நாக்கால் ஒருமுறை தடவினாள்.

"இது நம்மட படி" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

7

உடனே சிவநேசன் சேருக்கு அழைத்தேன். "சேர், ஒரு கிண்ணத்தில தண்ணி எடுங்க. உப்புப் போட்டுக் கரையுங்க. போத்தலத் தலைகீழா முக்கி எடுத்து, துடைக்காமத் திறங்க."

"தம்பி, எனக்குப் பிறஷர்."

"ஒரு வாய்தான் சேர்."

அங்கே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மடக்மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது, ஒரு வாய் அல்ல. பிறஷர் ஏறிவிடுமோ என்று நான் பயந்துபோனேன்.

"தம்பி நிசாம்" என்றார். "பாதை வந்திட்டுது."

பரீனாவை அழைத்துச் சொன்னபோது அவள் நம்பவில்லை. தோற்றுப்போன வாப்பாவுக்கு நான் ஆறுதல் பரிசு கொடுக்கப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாள். "உப்பு கொப்பியில இல்ல" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "கொப்பியில இல்லத்தான் தங்கச்சி, அதத்தானே நானும் சொல்றன்! ஒரு போத்தல எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போங்க. துறை இருந்த இடத்துக்கு."

மறுநாள் ஞாயிறு காலை குழுவில் ஒரு வீடியோ வந்தது. அவளுடைய மச்சான் எடுத்தது. பாலத்துக்குக் கீழே கல்லில் குந்தியிருந்து பரீனா போத்தலை முக்குகிறாள். எடுக்கிறாள். பழக்கத்தில் முந்தானையால் துடைக்கப் போய், கையை நிறுத்திக்கொள்கிறாள். திறந்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக் குடிக்கிறாள்.

"இதையா நீங்க எல்லாரும் இவ்வளவு காலமும் குடிச்ச?" என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "வாப்பா எழுதினது சரி. ஒண்டும் பிழையில்ல."

நான் குசினியில் நின்று அதை நாலு தடவை பார்த்தேன். நானும் அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திங்கட்கிழமை இரும்புக்காரன் வந்தானாம். அவனுக்குக் கொடுக்க இரும்பு இருக்கவில்லை. இரண்டு பவளம் குடித்துவிட்டுப் போனானாம்.

8

சோடாவுக்குள் உப்புப் போடுவதா என்று குழுவில் மூன்று நாள் சண்டை நடந்தது. பரீனா ஒரே வார்த்தையில் முடித்துவைத்தாள். கொப்பியில் கை வைக்க ஏலாது. வாப்பா செய்தது வாப்பா செய்தபடியே போத்தலுக்குள் இருக்கும், கடல் செய்தது வெளியே இருக்கும். எப்படி என்று நாங்கள் கேட்டோம். "பொறுங்களேன்" என்றாள்.

இரண்டாவது பெட்டி மார்ச் கடைசியில் வந்தது. இந்த முறை படிவத்தில் 'சோடா' என்றே எழுதியிருந்தாள், ஒரு கந்தோருக்கும் போக நேரவில்லை. பெட்டியைப் பிரித்தால், ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் பிளவுஸ் வெட்டியதில் மிஞ்சிய துணியில் தைத்த குட்டிப் பொட்டணம். சிவப்பு, பச்சை, ஜரிகைக் கரை வைத்தது ஒன்று. உள்ளே கடல் உப்பு. ஒரு துண்டுக் காகிதத்தில், 'நனைச்சு, போத்தல் வாயில தடவி, துடைக்காமக் குடிக்கவும்' என்று அவளுடைய அழகான கையெழுத்து.

நான் ஜரிகை வைத்ததை எடுத்துக்கொண்டேன். பச்சைப் பொட்டணம் கட்டிய போத்தலை அமீனாவிடம் நீட்டி, எப்படிக் குடிக்க வேண்டும் என்று காகிதத்தை வாசித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பொட்டணத்தை அவிழ்த்து, என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"இது உங்கட உப்பு வாப்பா. நீங்க வச்சுக்கொள்ளுங்க. எனக்கு வெளியில இருக்கு."

கதவைத் திறந்தாள். படியோரம் அந்த வருடத்துக் கடைசிப் பனி அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தது. குந்தியிருந்து போத்தலை அதற்குள் தலைகீழாக முக்கினாள். குசினியிலிருந்து ரிஹானா கத்தினாள். நான் என்னுடையதைத் திறந்துகொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.